நாடாவுக்கு அப்பால் நின்ற துரை

போன மாதம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாடசாலை அதிபர் என்னைத் தேடி நான் குடியிருக்கிற லயத்து வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பழத்தோடு வருகிறவன் சும்மா வருவதில்லை என்பது எண்பத்தாறு வயதில் எனக்குத் தெரியாதா என்ன.

"ஐயா, இந்த வருஷ விளையாட்டுப் போட்டியில உங்களக் கௌரவிக்கிறதா முடிவு பண்ணியிருக்கோம். பொன்னாடை, விருது எல்லாம் இருக்குங்க" என்றார்.

"எதுக்கு?"

"என்னங்க இப்பிடிக் கேட்டுட்டீங்க! ஜெயிக்கிறத விட மரியாதை பெருசுன்னு பதுளை மைதானத்துல காட்டுன ஆளு நீங்க. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு அது தெரிய வேணாமா? விருதுக்குப் பேரே 'பண்பின் சிகரம்'னு வச்சிருக்கோம்."

சிகரமாம். மண்ணாங்கட்டி! வாய் வரை வந்த வார்த்தையை விழுங்கிவிட்டுப் பழத்தை வாங்கி வைத்தேன். நல்ல பழம். அதிபர் கெட்டவர் இல்லை. தன் மண்டையில் யாரோ ஏற்றியதை அப்படியே இறக்கி வைக்கிற மனுஷன். அவர் மாதிரி ஆட்கள்தான் அறுபத்தைந்து வருஷத்துக்கு மேலாக இந்தப் பொய்யைத் தோளில் வைத்துத் தூக்கித் திரிகிறார்கள்.

முதலில் வரமாட்டேன் என்றுதான் சொன்னேன். பிறகு, "மைக்குல பேச விடுவீங்களா?" என்று கேட்டேன். அஞ்சு நிமிஷம் தருகிறோம் என்றார். சரி, ஐந்து நிமிஷம் போதும், உள்ளதை உடைத்துச் சொல்லிவிட்டுச் செத்தால் நிம்மதி என்று ஒத்துக்கொண்டேன்.

என்ன நடந்தது என்பதை முதலில் இங்கே எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைமார் இருந்த காலம். சுதந்திரம் வந்துவிட்டது என்று கொழும்பில் சொல்லிக்கொண்டார்கள். நமுனுகுல மலைப்பக்கம் அது ஏறி வந்ததாக எங்களுக்குத் தெரியாது. என் அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். எனக்குத் தப்பால் வேலை. தோட்டத்து ஆபீசிலிருந்து தோல்பையைத் தூக்கிக்கொண்டு கீழே பசறை ரோட்டுத் தபால் கந்தோருக்குப் போய், வந்த கடிதங்களை வாங்கி, துரை காலைச் சாப்பாட்டுக்கு உட்காருவதற்கு முன்னால் பங்களாவில் சேர்க்க வேண்டும். இறங்குவதற்கும் ஏறுவதற்கும் ரோட்டை நம்பினால் அரை நாள் போய்விடும். அதனால் தேயிலைக்கு நடுவே இருக்கிற குறுக்குப் பாதையில்தான் ஓடுவேன். என்னை யாரும் ஓடச் சொல்லவில்லை. பிந்திப் போனால் துரை வாயில் வருவதைக் கேட்க முடியாது, அதனால் ஓடினேன்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. துரை வருகிற ரோட்டில் தொழிலாளி நிற்கக் கூடாது. கார்ச் சத்தம் கேட்டதும் ஓரமாக ஒதுங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்து, தலையைக் குனிந்து, "சலாமுங்க தொரை" என்று சொல்ல வேண்டும். குடை பிடித்திருந்தால் மடக்க வேண்டும், வானமே பொத்துக்கொண்டு ஊற்றினாலும். துரை தாண்டிப் போன பிறகுதான் காலை எடுக்கலாம். இதை எங்களுக்கு ஒருத்தரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. அம்மாமார் வேலைக்குப் போகும்போது எங்களை விட்டுப் போகிற பிள்ளை மடுவத்தில் பால் குடித்தபோதே இதையும் சேர்த்துக் குடித்துவிட்டோம்.

ஒருநாள் பையோடு மேலே ஏறிக்கொண்டிருந்தேன். துரையின் கார் பின்னால் வந்தது. ஒதுங்கி நின்று துண்டை அவிழ்த்துச் சலாம் போட்டேன். கார் வளைவைச் சுற்றிப் போனது. நான் குறுக்கால் ஏறி அடுத்த வளைவுக்குப் போனால், கார் அப்போதுதான் வந்துகொண்டிருக்கிறது. மறுபடி ஒதுங்கி மறுபடி சலாம். மூன்றாவது வளைவிலும் அதே கதை. நான்காவது வளைவில் துரை காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"நீ ஒரு ஆளா, நாலு ஆளா மேன்?"

"ஒரே ஆளுதாங்க தொரை."

அவர் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், சிரித்தார். அன்றைக்கு அவர் என் ஓட்டத்தை மட்டும்தான் பார்த்தார். நான்கு தடவை ஒருத்தன் ஓட்டத்தை நிறுத்தி, துண்டை அவிழ்த்து, மறுபடி கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறானே என்று அவர் யோசிக்கவில்லை. நானும்தான் யோசிக்கவில்லை.

அடுத்த வாரமே பெரிய கிளாக்கர் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். பெரிய கிளாக்கரைப் பற்றி ஒரு வார்த்தை. துரைக்கு முன்னால் முதுகு வளைந்து நிற்பார். எங்களுக்கு முன்னால் வந்ததும் அதே முதுகு இரும்புக் கம்பி ஆகிவிடும். துரை மூக்கைச் சிந்தினாலும் அதற்குத் தமிழில் அர்த்தம் சொல்லுவார். அன்றைக்குத் துரை நாற்காலியில் சாய்ந்துகொண்டு இங்கிலீஷில் நீளமாகப் பேசினார். தன் நாட்டில் கல்லூரியில் படித்தபோது அவரும் ஓட்டக்காரராம். பேச்சு முழுக்க 'அமெச்சூர், அமெச்சூர்' என்று ஒரு வார்த்தை வந்துகொண்டே இருந்தது. முடித்ததும் கிளாக்கர் என் பக்கம் திரும்பினார்.

"தொரை என்ன சொல்றாருன்னா, காசுக்கு ஓடுறவன் கனவான் இல்ல. ஓடணுங்கிற ஆசைக்கு ஓடுறவன்தான் கனவான். அதாவது, நீ ஓடுறதுக்குச் சல்லி கெடையாது. வெளங்குதா?"

விளங்காமல் என்ன? அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் தோட்டம் முழுக்க அமெச்சூர்தான். மழையில் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு கொழுந்து பறித்த பெண்கள் எல்லாம் என்ன காசுக்கா பறித்தார்கள்? அவ்வளவும் கனவான்கள்.

பிறகுதான் எனக்கு இன்னொன்றும் தெரிய வந்தது. பக்கத்துத் தோட்டத்துத் துரைக்கும் எங்கள் துரைக்கும் கிளப்பில் பந்தயம். என் தோட்டத்துத் தப்பால்காரன் மாகாணப் போட்டியில் நூறு யார், அதாவது நூறு கஜ, ஓட்டத்தில் முதலாவதாக வருவான் என்று இவர். வரமாட்டான் என்று அவர். பந்தயம் ஒரு பெட்டி விஸ்கி. ஓடுகிறவன் காசைத் தொட்டால் கௌரவம் போய்விடும், அவன் மேல் பந்தயம் கட்டுகிறவனுக்கு ஒன்றும் போகாது. என்ன நியாயமோ! த்தூ!

எனக்குப் பிரஜாவுரிமை இல்லையே, மாகாணப் போட்டியில் விடுவார்களா என்று கிளாக்கர் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்று எங்கள் ஆட்கள் முக்கால்வாசிப் பேருக்கு அப்போது எந்த நாடும் இல்லை. "காலுக்கு எதுக்குப் பிரஜாவுரிமை?" என்று துரை சிரித்தாராம். அந்த ஆள் வாயிலிருந்து உருப்படியாக வந்த ஒரே பேச்சு அதுதான்.

எனக்கு இதில் என்ன வந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். பதுளையில் முதலாவதாக வருகிறவன் கொழும்புக்கு ஓடப் போவான். கொழும்பில் அப்போது ஓட்டக்காரர்களை வேலைக்கு எடுக்கிற கம்பெனிகள் இருந்தன. பகலில் கம்பெனி ஸ்டோரில் வேலை, பின்னேரம் கம்பெனி பெயரைப் போட்ட பனியனில் ஓட்டம். துரை என்னிடம் நேரிலேயே சொன்னார். அவருடைய தமிழ் தோட்டத்துத் துரைமாருக்கென்றே ஒரு தனித் தமிழ்.

"நீ ஃபர்ஸ்ட் வர்றது, நான் கடிதம் குடுக்கிறது. அப்புறம் நீ தோட்டத்துக்குத் திரும்பி வர்றது இல்ல."

திரும்பி வர்றது இல்ல! அந்த ஒரு வார்த்தைக்காக நான் செத்துப்போகவும் தயாராக இருந்தேன். கோப்பையும் வேண்டாம், பேரும் புகழும் வேண்டாம். இருட்டோடு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குக் கூப்பிடுகிற தப்பு மேளச் சத்தம் காதில் விழாத ஊரில் கண் விழிக்க வேண்டும். கார்ச் சத்தம் கேட்டால் அது யாருடைய கார் என்று பார்க்காமல் நடக்க வேண்டும். இவ்வளவுதான் என் ஆசை. அதற்கு நூறு யார் தூரம் ஓடினால் போதும் என்றார்கள்.

மூன்று மாதம் பழகினேன். பிள்ளை மடுவத்துக்குக் கீழே இருந்த பந்தடிக்கிற புல்வெளியில் கிளாக்கர் தூரத்தை அளந்து கம்பு நட்டார். மலையை அளக்கிற சங்கிலியால் அளந்தார். நூறு யாருக்கு நாலரைச் சங்கிலியும் கொஞ்சமும் வரும். கிளாக்கருக்குக் கொஞ்சநஞ்சமெல்லாம் பிடிக்காது, ஐந்து சங்கிலி என்று முடித்துவிட்டார். அதனால் மூன்று மாதமும் நான் நூற்றுப்பத்து யார் ஓடியிருக்கிறேன். துரை ஓரத்தில் காரில் உட்கார்ந்தபடி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "தூங்கிறது மேன், தூங்கிறது!" என்று கத்துவார். அந்த மடையன் அளந்த அளவு தப்பு என்பது பதுளைக்குப் போன அன்றுதான் தெரிந்தது. ஒரு வகையில் அதுவும் நல்லதுக்குத்தான். நூறு யார் வந்ததும் மூச்சு விடுகிற பழக்கம் என் காலுக்கு இல்லாமல் போனது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். களைத்துப் போய் நின்றேன் என்று நாளைக்கு ஒருத்தனும் சொல்லக் கூடாது.

துரை தன்னுடைய பழைய ஆணிச் சப்பாத்தைக் கொடுத்தார். அதற்குள் என் இரண்டு காலையும் ஒன்றாகவே வைக்கலாம். பஞ்சு அடைத்துப் போட்டுப் பார்த்து, இரண்டு தடவை விழுந்து, கழற்றி வைத்துவிட்டேன். வெறுங்காலோடுதான் ஓடினேன். தலைத்துண்டை மட்டும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அது இல்லாமல் ஓடினால் அம்மணமாக ஓடுவது போல இருந்தது.

போட்டி அன்று தோட்டத்து லொறியில் ஐம்பது பேர் ஏறிக்கொண்டு வந்தார்கள். என் அப்பாவும் வந்தார். பதுளைக்கு இறங்க இறங்க வெயில் ஏறியது. மலைக்குளிரில் கிடந்த எங்களுக்கு அந்தச் சூடே தனி ஊர். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு இழுத்து வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் கூடாரம், அதற்குள் துரைமாரும் துரைசானிமாரும் தொப்பியும் விசிறியுமாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு எதிர்ப்பக்க மேட்டில் வெயிலில் இடம்.

நூறு யாருக்கு ஆறு பேர் நின்றோம். எனக்குப் பக்கத்துக் கோட்டில் டவுன் கல்லூரி மாணவன் ஒருவன், காலில் பளபளவென்று ஆணிச் சப்பாத்து. என்னையும் என் துண்டையும் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தான். சுளித்துக்கோ ராசா, கொஞ்ச நேரத்தில் என் முதுகைத்தானே பார்க்கப் போகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் திமிர் எனக்கு இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

வெடி போட்டார்கள். ஓடினேன்.

மலையில் ஏறிப் பழகிய காலுக்குச் சமதரை என்றால் என்ன தெரியுமா? யாரோ பின்னாலிருந்து தள்ளிக்கொடுப்பது போல இருந்தது. பாதித் தூரத்திலேயே மற்ற ஐந்து பேரின் மூச்சுச் சத்தம் எனக்குப் பின்னால் போய்விட்டது. மேட்டிலிருந்து எங்கள் ஆட்கள் கத்துவது கேட்டது. எதிரே வெள்ளை நாடா. அதைக் கிழித்தால் கொழும்பு. எனக்கும் அடுத்தவனுக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டியை நிறுத்தலாம், அவ்வளவு இடைவெளி இருந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

இங்கேதான் எங்கள் துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விஸ்கிப் பெட்டி கண்ணுக்குத் தெரிந்திருக்கும். கூடாரத்திலிருந்து எழுந்து ஓடிவந்து, நாடாவுக்கு அப்பால் நாலு எட்டுத் தள்ளி, நேராக என் கோட்டில், தொப்பியும் கடிகாரமுமாக வந்து நின்றார். "கமோன்! கமோன்!" என்று இரண்டு கையையும் விரித்துக் கத்தினார்.

நான் துரையைப் பார்த்தேன்.

என் கால் அதற்குப் பிறகு என் பேச்சைக் கேட்கவில்லை. பாரத்தோடு மலைப்படியில் இறங்குகிறவன் குதியை ஊன்றி ஊன்றி வேகத்தை அடக்குவான் பாருங்கள், அப்படி அடக்கியது. கை தானாக மேலே போய்த் துண்டை அவிழ்த்தது. நாடாவுக்கு ஒரு கை தூரத்தில், கோட்டைவிட்டு ஓரமாக ஒதுங்கி, தலையைக் குனிந்து நின்று, "சலாமுங்க தொரை" என்றேன்.

கல்லூரி மாணவன் நாடாவைக் கிழித்துக்கொண்டு போய்த் துரையின் தோளில் மோதித் தொப்பியைத் தட்டிவிட்டு, நிற்காமல் ஓடினான். அடுத்து இன்னொருவன் போனான். மூன்றாவதாக ஒருவன். நான் குனிந்தபடியே நின்றேன். துரை தாண்டிப் போன பிறகுதானே காலை எடுக்கலாம்? அவர் எங்கே போவார், அங்கேயேதானே நிற்கிறார்!

"ஏன் நிக்கிறது மேன்? ஏன் நிக்கிறது?" துரையின் முகம் சிவந்து வெடிக்கிற மாதிரி இருந்தது.

"தொரை நிக்கிறீங்களே" என்றேன்.

லொறியில் திரும்பும்போது நான் அழுதேன். வெட்கமில்லாமல் வாய்விட்டு அழுதேன். எங்கள் ஆட்கள் யாராவது என்னை ஏசுவார்கள், 'அடப்பாவி, இப்படி நாசம் பண்ணிட்டியே' என்று நாலு அறை கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருத்தரும் ஏசவில்லை. அவர்களுக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. என் அப்பா முதுகைத் தடவிக்கொடுத்துச் சொன்னார்:

"நல்ல வேளை நின்ன. தொரைய இடிச்சித் தள்ளியிருந்தா நாளைக்குப் பேர வெட்டிப் பத்துச்சீட்டத் தந்து குடும்பத்தோட வெளிய போங்கன்னிருப்பாங்க. அவரு நிக்கும்போது அவரத் தாண்டியா ஓடுவ?"

லொறியில் இருந்த ஐம்பது பேரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அப்பா என்பதற்காக நான் அவரை மன்னிக்கவில்லை. என்னையும் மன்னிக்கவில்லை.

அன்று பின்னேரம் கிளப்பில் நடந்ததைக் கிளாக்கர் மறுநாள் வந்து ரசித்து ரசித்துச் சொன்னார். எங்கள் துரை தோற்ற பெட்டியோடு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனாராம். ஜெயித்த துரை பெட்டியைத் திறந்து முதல் கிளாசை இவருக்கே ஊற்றிக் கொடுத்து, "என் ஆளாக இருந்தால் அந்தக் கல்லூரிப் பையன் மாதிரி என்னை ஏறி மிதித்திருப்பான். உன் தோட்டத்துக் கட்டுப்பாடே கட்டுப்பாடு" என்றாராம். எல்லாத் துரைமாரும் எழுந்து நின்று எங்கள் துரைக்காகக் குடித்தார்களாம். போன மானம் இரட்டிப்பாகத் திரும்பி வந்துவிட்டது. என் கொழும்பு மட்டும் வரவில்லை.

மறுநாள் காலைப் பெரட்டில் எல்லோருக்கும் முன்னால் துரை என்னைக் கூப்பிட்டு, "குட் மேன்" என்று ஒரு டின் பிஸ்கட் கொடுத்தார். கடிதம் தருவதாகச் சொன்னீர்களே என்று கிளாக்கர் மூலமாகக் கேட்டேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அடுத்த வருஷம் அவர் கப்பலேறித் தன் நாட்டுக்குப் போய்விட்டார். நான் அதே பையைத் தூக்கிக்கொண்டு புதுத் துரைக்குச் சலாம் போட்டேன். பிஸ்கட் டின்னில் என் மனைவி மிளகாய்த்தூள் போட்டு வைத்தாள். துருப்பிடித்ததும் கோழிக்குத் தண்ணீர் வைத்தோம்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். அந்த வருஷக் கோயில் திருவிழாவில் கிளாக்கர் மேடையேறி, ஜெயிக்கப் போகும்போதும் முதலாளிக்கு மரியாதை கொடுத்த தொழிலாளி என்று என்னைப் புகழ்ந்து தள்ளினார். கிளாக்கர் செத்தார், கதை சாகவில்லை. பின்னால் வந்த தொழிற்சங்கத் தலைவர்கூட அதை எடுத்துக்கொண்டார், அவர் வாயில் அது 'மலையக மக்களின் பண்பாடு' ஆனது. துரைமாரை எதிர்க்க வந்த சங்கம்! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பாடசாலை மலரில் ஒரு வாத்தியார் கவிதையே எழுதினார். அதில் நான் நின்றபோது வானத்திலிருந்து பூ விழுந்ததாம்.

நான் மறுத்தேனா? இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். புகழும்போது டீ வாங்கிக் கொடுத்தார்கள், குடித்தேன். சால்வை போர்த்தினார்கள், குளிருக்கு இதமாக இருந்தது. இந்தக் கேவலத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அதனால்தான் இந்தத் தடவை பேசியே தீருவது என்று நாலு நாள் தனியாக உட்கார்ந்து பேச்சைத் தயார் செய்தேன். 'அன்பான பிள்ளைகளே, நான் மரியாதைக்காக நிற்கவில்லை' என்று தொடக்கம். கண்ணாடி முன்னால் நின்று சொல்லியும் பார்த்தேன்.

விளையாட்டுப் போட்டி நாள். மைதானம் அதே பழைய புல்வெளிதான். என்னை முன்வரிசையில், ஓட்டம் முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். காற்று ஊசியாகக் குத்தியது. மப்ளரைக் காதோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். பிரதம அதிதிக்காகக் காத்திருந்தோம். அவர் தோட்டத்தை நடத்துகிற கம்பெனியின் மேனேஜர். எங்கள் ஆள்தான், அவருடைய தகப்பனும் ஏதோ ஒரு லயத்தில் பிறந்தவன்தான். நாற்பது வயதுகூட இருக்காது. அவரையும் இங்கே தொரை என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாய் வாலை நிமிர்த்த முடியுமா?

மேனேஜரின் டபிள்கேப் வண்டி வந்து நின்றது. கதவு திறந்தது. எல்லோரும் எழுந்தார்கள்.

அப்போது என் கையைப் பார்த்தேன். மப்ளர் கையில் இருந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன். கக்கூசுக்குப் போவதற்கே சுவரைப் பிடித்து முக்கி முனகி எழுகிறவன் நான். எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. தலை குனிந்திருந்தது, காது குளிரில் விறைத்திருந்தது. மேனேஜர் என்னைத் தாண்டிப் போன பிறகுதான் உட்கார முடிந்தது. உட்கார்ந்த பிறகு தயார் செய்த பேச்சில் ஒரு வார்த்தை ஞாபகம் வரவில்லை.

"ஐயா, இந்த ஓட்டம் முடிஞ்சதும் நீங்கதான் பேசுறீங்க" என்று அதிபர் மைக்கைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டுப் போனார். அதை அணைக்கவில்லை.

பெண்பிள்ளைகளின் நூறு மீற்றர் ஓட்டம். ஆறு பேர் நின்றார்கள். நடுக் கோட்டில் நின்ற பிள்ளையை எனக்குத் தெரியும். கீழ் லயத்தில் கொழுந்து எடுக்கிற ஒருத்தியின் மகள், சப்பாத்து இல்லாமல் நின்றாள். வலய மட்டப் போட்டிக்கு முதலாவது ஆளை மட்டும்தான் கூட்டிப் போவார்கள். விசில் ஊதினார்கள். அவள் கிளம்பியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, மற்ற ஐந்து பேரும் சும்மா துணைக்கு ஓடுகிறார்கள் என்று.

மேனேஜருக்கு ஃபோட்டோ எடுக்கிற ஆசை வந்துவிட்டது. மேடையிலிருந்து இறங்கி, நாடாவுக்கு அப்பால், நேராக அந்தப் பிள்ளையின் கோட்டில் போய் நின்று போனைத் தூக்கிப் பிடித்தார்.

'ஐயோ, அந்த ஆளைத் தள்ளிப் போகச் சொல்லுங்கடா' என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஏய், நில்லுடி! தொரை நிக்கிறாரு! நில்லு!"

மடியிலிருந்த மைக் அதைப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டது. மலை முழுக்க என் குரல் எதிரொலித்தது.

அந்தப் பிள்ளை நிற்கவில்லை. ஒரு நூல்கூட வேகம் குறையவில்லை. நாடாவை நெஞ்சால் இழுத்துக்கொண்டு நேராக வந்தாள். மேனேஜர் "ஐயோ" என்று பக்கவாட்டில் பாய்ந்து, சுண்ணாம்புக் கோட்டின் மேல் குந்திவிட்டார். போன் புல்லில் விழுந்தது. அவருடைய கால்சட்டையின் பின்பக்கம் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது.

அதிபர்தான் சமாளித்தார். ஓடிவந்து மைக்கைப் பிடுங்கி, "பாத்தீங்களா பிள்ளைங்களே! இந்த வயசுலயும் ஐயாவோட மரியாதையப் பாத்தீங்களா! இதுதான் பண்பு!" என்றார். கைதட்டல். மேனேஜரே தூசியைத் தட்டிக்கொண்டு வந்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார். பண்பின் சிகரத்தைக் கையில் கொடுத்தார்கள். அது ஒரு கண்ணாடிக் கட்டை.

நான் மைக்கை வாங்கினேன்.

"மரியாதை இல்லீங்க. பயம். அன்னைக்கும் பயந்துதான் நின்னேன். இன்னைக்கும் பயந்துதான் கத்துனேன்" என்றேன்.

அதற்கு முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். "என்னா பணிவு, என்னா பணிவு!" என்று பின்னாலிருந்து ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவர்களிடம் என்ன சொல்ல? செவிடன் காதில் ஊதிய சங்கு.

எல்லாம் முடிந்து, தண்ணீர்ப் பைப்புக்குப் பக்கத்தில் மூச்சு வாங்க நின்றேன். அந்தப் பிள்ளை போத்தலில் தண்ணீர் பிடிக்க வந்தாள். காலெல்லாம் சுண்ணாம்பு. என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"தாத்தா, ஏன் என்னைய நிக்கச் சொன்னீங்க?"

அறுபத்தேழு வருஷத்துக்கு முன்னால் துரை கேட்ட அதே கேள்வி. எனக்கும் அதே பதில்தான் வாயில் இருந்தது, வேறு பதில் என்னிடம் கிடையாது.

"அங்க தொரை நின்னாரேம்மா."

அவள் போத்தலை மூடிக்கொண்டே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கோபம்கூட இல்லை, வயசான ஆள், ஏதோ உளறுகிறது என்கிற பார்வை.

"ஓடுற எடத்துல அவரு நின்னா, அவருதான தாத்தா தள்ளிப் போகணும்?"

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் பொன்னாடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கையில் கிடந்த மப்ளரை எடுத்துத் தலையில் கட்டினேன். லயத்துக்குத் திரும்பும்போது, நான் அந்தக் காலத்தில் சலாம் போட்ட அதே ரோட்டில், மேனேஜரின் டபிள்கேப் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. ரோட்டின் நடுவிலேயே நடந்தேன். ஹோர்ன் அடித்தார்கள். ஒதுங்கவில்லை. கால் வெடவெடவென்று நடுங்கியது, ஆனாலும் ஒதுங்கவில்லை.